பழைய லொறி எஞ்சின் நின்ற நிலையில் நடுங்குவதேன்? சென்சர்களைச் சோதித்தறியும் முறை

விளைவித்த நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டு செல்லும் லொறி, நீரிறைக்கும் இயந்திரத்தைப் போலக் கமத்தின் கருவிகளுள் ஒன்றாகும். நுவரெலியாவில் மாலையில் ஏற்றிய கோவாவும் லீக்சும் விடியுமுன் தம்புள்ளயைச் சேர்தல் வேண்டும். 1999 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்திற்குப் பல மாவட்டங்களிலிருந்தும் சரக்கு வந்து சேர்கின்றது. பிந்தி வரும் வாடிய சரக்குக்கு வியாபாரி கூறுவதே விலையாகும். 2020 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்தமையால், இருபது, இருபத்தைந்து ஆண்டு பழைமையான லொறிகளே இன்றும் பல கமக்காரரின் கைகளில் உள்ளன. அவற்றைப் பழுதறிந்து பேணுதல் இன்றியமையாதது.

இப்பிரசுரம் பெற்றோலில் ஓடும் சிறு லொறிகளைப் பற்றியது. சிறப்பாக, காபரேற்றருக்குப் பதிலாக மின்னியல் முறையிற் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் பொருத்திய லொறிகளைப் பற்றியது. இத்தகைய எஞ்சினில் ஒரு கணினிப் பெட்டி உண்டு. காற்று எவ்வளவு வருகின்றது, எஞ்சின் எவ்வளவு சூடாயிருக்கின்றது, அக்சிலரேற்றர் எவ்வளவு மிதிக்கப்பட்டுள்ளது என்பவற்றைச் சென்சர்கள் அப்பெட்டிக்கு மின்சார மூலம் அறிவிக்கின்றன. பெட்டி அவற்றைக் கொண்டு பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கின்றது.

லொறியை நிறுத்தி எஞ்சினை மட்டும் மெதுவாக ஓடவிடுவதைக் கராஜ்களில் ஐட்லிங் என்பர். இவ்வோட்டம் ஒழுங்காயிராது நடுங்கும்போது, “சென்சர் பழுது” என்று கூறி ஒன்றன்பின் ஒன்றாகச் சென்சர்களை மாற்றும் வழக்கம் பரவியுள்ளது. இது வீண்செலவு. சென்சர் செய்தி கொண்டுவருவது. அது கொண்டுவந்த செய்தி கெட்டதாயிருப்பின், சென்சர் கெட்டுவிட்டது என்பது பொருளன்று. வெடித்த இறப்பர்க் குழாய், தளர்ந்த எர்த் வயர், தேய்ந்த பிளக் ஆகியவற்றாலும் அதே நடுக்கம் உண்டாகும். ஆகவே முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். பின்னரே மாற்றுதல் வேண்டும். இதற்குத் தேவையானவை ஒரு மல்டிமீற்றர், ஒரு வெப்பமானி, பிளக் கழற்றும் சாவி ஆகியனவே.

நடுக்கம் ஐட்லிங்கில் மட்டும் தோன்றுவதன் காரணம்

பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஒரு இறாத்தல் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல் காற்று வேண்டும். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது திரொட்டில் எனப்படும் காற்றுக் கதவு திறந்து காற்று மிகுதியாக உட்செல்கின்றது. ஐட்லிங்கிலோ அக்கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் மிகச் சிறிதளவு காற்றையே உறிஞ்சும். அப்போது ஒரு குழாயிலுள்ள சிறு வெடிப்பால் நுழையும் காற்றும் மொத்தக் காற்றிற் பெரும் பங்காகிவிடுகின்றது. வீதியில் விரைந்து செல்லும்போது அதே வெடிப்பால் நுழையும் காற்று மொத்தத்தில் ஒரு சிறு துளியே. “ஓடும்போது நல்லது, நின்றால் நடுங்குகின்றது” என்று சாரதி கூறுவாராயின், முதலிற் காற்றுக் கசிவையே தேடுதல் தகும்.

பெரும்பாலான நான்கு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சின்கள் சூடேறிய பின்னர் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று வரை ஐட்லிங்கில் ஓடுதல் வேண்டும். மூன்று சிலிண்டர்ச் சிறு எஞ்சின்கள் இதனிலும் சற்று விரைவாக ஓடும். அவற்றில் இலேசான நடுக்கம் இயல்பாகவே உண்டு. அதனைப் பழுதென்று கருதிப் பணத்தைச் செலவிடல் வேண்டாம்.

முதலிற் பார்க்க வேண்டியவை

லொறியைச் சமநிலத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். மூடிய கொட்டிலுள் எஞ்சினை ஓடவிடலாகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமின்றி உயிரைக் கொல்லும். பீடி, சுருட்டு அருகில் இருத்தலாகாது.

வயர்களை முதலில் ஆராய்க. அறுவடை முடிந்து நெல் மூடைகள் அடுக்கிய கொட்டிலிலேயே லொறியையும் நிறுத்துவோர் பலர். நெல்லைத் தேடி வரும் எலிகள் எஞ்சினின் வெப்பத்தில் ஒதுங்கி வயர்களைக் கடித்துவிடுகின்றன. எஞ்சின் ஆசனத்தின் கீழ் அமைந்துள்ள சிறு லொறிகளில் இது பல நாட்கள் வரை கண்ணிற் படுவதில்லை. ஆசனத்தைத் தூக்கி, நெல் உமியோ எலிப்புழுக்கையோ காணப்படின், ஒவ்வொரு வயரையும் விரலாற் தடவிப் பார்த்தல் வேண்டும். பசளை ஏற்றும் லொறிகளில் வேறொரு கேடு உண்டு. சிந்திய பசளைத் தூள் ஈரத்தை உறிஞ்சி, செப்பு முனைகளைப் பச்சை பூக்கச் செய்கின்றது. சென்சரின் பிளாத்திக்குக் கொக்கியைக் கழற்றி, அம்முனைகள் பச்சையாகவோ வெண்மையாகவோ இருப்பின் அவற்றைத் துப்புரவாக்கி மீண்டும் இறுகப் பொருத்துக. இதனாலேயே நடுக்கம் நீங்கிய லொறிகள் அநேகம்.

அடுத்து பற்றரியும் எர்த் வயரும். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளிடையே 13.5 முதல் 14.5 வோல்ற் வரை இருத்தல் வேண்டும். பின்னர் முன்விளக்குகளை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றையதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துப் பார்க்க. 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டுமாயின் எர்த் வயர் துருப்பிடித்துள்ளது. எர்த் கெட்ட எஞ்சினில் எல்லாச் சென்சர்களின் அளவுகளும் ஒருங்கே பிழைக்கும். ஒரேயடியாக மூன்று நான்கு சென்சர்கள் பழுதென்று எவரேனும் கூறின், அவை யாவும் ஒரே நாளிற் கெட்டன என நம்புவதிலும் இவ்வொரு வயரைச் சந்தேகிப்பதே அறிவுடைமை.

காற்றுக் கசிவைத் தேடுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, ஒரு சிறு கைத்தெளிகருவியினால் உள்ளெடுப்புக் குழாய் எஞ்சினுடன் சேரும் விளிம்பிலும், சிறு இறப்பர்க் குழாய்களின் முனைகளிலும் தூய நீரைப் புகைபோலத் தெளித்தல் வேண்டும். கசிவுள்ள இடத்தில் நீர் சிறிது நேரம் அடைப்பதனால் ஓட்டத்தின் ஒலி மாறும். களைநாசினி தெளித்த கருவியை இதற்கு உபயோகிக்கலாகாது. பிளக் வயர்களிலும் கொயிலிலும் நீர் படலாகாது. சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிக்கின்றனர். அது லொறியையே எரித்துவிடக்கூடிய செயல். பிரேக் மிதியை அழுத்தும்போது ஓட்டம் மாறுமாயின், பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாயையோ பூஸ்டரையோ ஐயுறுதல் வேண்டும். அது பாரம் ஏற்றிய லொறியின் பிரேக்கையும் பாதிக்கும். உடனே திருத்த வேண்டியது.

காற்றின் அளவை நேரே அளக்கும் சென்சருள்ள எஞ்சினிற் கசிவு ஏற்படின், அளக்கப்படாத காற்று உட்புகுந்து எஞ்சின் நடுங்கி நின்றுவிடும். உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கத்தை அளக்கும் சென்சருள்ள எஞ்சினிலோ, பெட்டி அக்கசிவுக் காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் வழங்குவதனால் ஓட்டம் விரைவுபடும். சில வேளை ஓட்டம் ஏறுவதும் இறங்குவதுமாய் ஊஞ்சலாடும். திரொட்டில் மூடியிருக்க எஞ்சின் விரைந்து ஓடுவதைக் கண்ட பெட்டி பெற்றோலை நிறுத்துகின்றது. ஓட்டம் தாழ்ந்ததும் மீண்டும் வழங்குகின்றது. ஊஞ்சலாட்டம் இதனால் உண்டாவதே.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிதல் அடுத்த படி. எஞ்சின் ஓட, ஒவ்வோர் இன்ஜெக்டரின் மின்கொக்கியையும் முறையே கழற்றி மீண்டும் பொருத்துக. நல்ல சிலிண்டரின் கொக்கியைக் கழற்றினால் ஓட்டம் தாழும். கழற்றியும் மாறுதல் இல்லையேல் அச்சிலிண்டரே சோம்பியது. பிளக் வயரை இழுத்துப் பார்க்கும் பழைய முறை இவ்வெஞ்சின்களுக்கு ஏற்றதன்று. மின்னதிர்ச்சி தாக்கும், கொயில் கெடும், எரியாத பெற்றோலும் புகைக்குழாயிற் சேரும். சோம்பிய சிலிண்டரின் பிளக்கை வேறொன்றுடன் மாற்றிப் பொருத்துக. சோம்பல் பிளக்குடன் கூடவே இடம் மாறினால் விடை கிடைத்தது. மாறாவிடின் அதே முறையிற் பிளக் வயரையோ கொயிலையோ மாற்றிப் பார்த்து, அதன் பின்னர் இன்ஜெக்டரையும் கம்பிரசனையும் பரிசோதிப்பித்தல் வேண்டும். சிலிண்டர்களின் கம்பிரசன்களிடையே சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இருக்குமாயின், எந்தச் சென்சரை மாற்றியும் நடுக்கம் தீராது. வால்வு இடைவெளியையும் றிங்குகளையும் பார்க்க வேண்டும்.

திரொட்டிலின் அருகே ஐட்லிங் காற்றை ஒழுங்குபடுத்தும் சிறு வால்வு ஒன்றுண்டு. அது கரி படிந்து இறுகுவது பழைய எஞ்சின்களில் மிகச் சாதாரணம். முன்விளக்கை எரித்ததும் ஐட்லிங் தாழ்ந்து எழாதிருப்பின் இவ்வால்வையும் திரொட்டிலையும் அதற்குரிய துப்புரவுத் திரவத்தாற் கழுவுதல் வேண்டும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதே நடுக்கம் வரும்.

எச்சரிக்கை விளக்கின் எண்கள்

முன்பலகையில் எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு எரிந்தால், பெட்டி தன் நினைவில் ஓர் எண்ணைப் பதிந்துள்ளது என்பது பொருள். 1990 களில் யப்பானுக்குள் விற்பனைக்கென உண்டாக்கப்பட்ட பல வண்டிகளில், சோதனைக் கொக்கியின் குறித்த இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், அவ்விளக்கு விட்டு விட்டு எரிந்து எண்ணைக் காட்டும். இருமுறை எரிந்து, சற்று நின்று, மீண்டும் இருமுறை எரியுமாயின் அது 22. இம்முனைகளை வண்டியின் கைந்நூலைப் பார்த்தே இணைத்தல் வேண்டும். பிழையான முனைகளை இணைத்தாற் பெட்டியே எரிந்துவிடும்.

எண்ணுக்குப் பொருள் கூறும் அட்டவணையும் அந்த வண்டிக்கு உரியதாயிருத்தல் வேண்டும். அக்காலத் தொயோற்றா எஞ்சின்களில் 22 என்பது நீர் வெப்பநிலைச் சென்சரின் சுற்றைக் குறித்தது. அக்காலச் சுசூக்கி எஞ்சின்களிலோ அதே எண் திரொட்டிற் சென்சரைக் குறித்தது. ஒன்றின் அட்டவணையைக் கொண்டு மற்றதைத் திருத்தப் புகுந்தால் நல்ல சென்சர் குப்பைக்குப் போகும். மேலும், எண் குறிப்பது சென்சரையன்று, அதன் மின்சுற்றையாகும். சென்சர், வயர், கொக்கி மூன்றும் அச்சுற்றில் அடங்கும்.

நீர் வெப்பநிலைச் சென்சர்

சென்சர்களுள் அதிகம் பழிக்கப்படுவதும், பெற்றோற் செலவை அதிகம் பாதிப்பதும் இதுவே. இது எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் மூழ்கியிருக்கும். குளிரில் இதன் மின்தடை மிகுதி, சூட்டிற் குறைவு. எஞ்சின் குளிர்ந்துள்ளதாக இது கூறுமாயின் பெட்டி பெற்றோலை மிகுத்து வழங்கும்.

சூடேறிய பின்னரும் “குளிர்” என்றே செய்தி சென்றால், பெற்றோல் வீணாகும்; பிளக்குகள் கரி படியும்; புகை கறுக்கும்; எஞ்சின் ஒயிலிற் பெற்றோல் மணக்கும். ஐட்லிங்கில் நடுக்கம் தோன்றும். இதற்கு மாறாக, குளிர்ந்த எஞ்சினைச் “சூடு” என்று அறிவித்தால் காலையில் எஞ்சின் எளிதிற் பற்றாது. வயர் அறுந்துவிட்டால் பல எஞ்சின்களிற் பெட்டி, நீர் 80 பாகை சதமளவில் இருப்பதாகத் தானே கருதிக்கொள்ளும். அத்தகைய லொறி வவுனியாவில் ஒருவாறு பற்றும். தை மாதத்து நுவரெலியாக் காலையிற் பற்ற மறுக்கும்.

இனி, சென்சர் நல்லதாயிருந்தும் பழியேற்கும் விதத்தைக் கவனித்தல் வேண்டும். எஞ்சின் கொதிக்காதிருக்கும் பொருட்டு, நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற் என்னும் வால்வைக் கழற்றி எறியும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. உஷ்ண நாட்டிற்கு அது வேண்டியதில்லை என்பது தவறான எண்ணம். காபரேற்றர் எஞ்சினில் இதன் தீங்கு வெளியே தெரியாது. கணினிப் பெட்டியுள்ள எஞ்சினிலோ, வால்வு இல்லாததனால் நீர் 80 பாகையை அடையாமல் 60 பாகையளவில் நின்றுவிட, சென்சர் உள்ளதை உள்ளவாறே அறிவிக்கின்றது. பெட்டியும் எஞ்சின் இன்னும் சூடேறவில்லையென்று பெற்றோலை மிகுத்து வழங்குகின்றது. இந்நிலையிற் புதிய சென்சரை வாங்கிப் பொருத்தினாலும் அதே செய்தியே செல்லும். வேண்டியது சென்சரன்று, வால்வு. எஞ்சின் கொதிப்பின் அதற்குக் காரணமான அடைபட்ட றேடியேற்றரையோ தேய்ந்த நீர்ப்பம்பியையோ திருத்துதல் வேண்டும்.

நீர் குறைந்து சென்சர் இருக்குமிடத்தில் ஆவியோ காற்றோ தங்கினாலும் பொய்ச் செய்தி செல்லும். நீரை முழுதாக நிரப்பிய பின்னரே சோதிக்க. சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

சோதனை வருமாறு: பல எஞ்சின்களில் நீர்ச் சென்சர்கள் இரண்டுண்டு. ஒற்றை வயருள்ளது முன்பலகையின் சூடுகாட்டிக்கு உரியது. இரு வயருள்ளதே பெட்டிக்கு உரியது. குளிர்ந்த எஞ்சினிலிருந்து இரு வயருள்ளதைக் கழற்றி, அதன் உலோக நுனி மட்டும் மூழ்குமாறு ஒரு பாத்திர நீரில் நூலாற் தொங்கவிடுக. பாத்திரத்தின் அடியிற் படலாகாது. வெப்பமானியையும் அருகில் தொங்கவிட்டு, அடுப்பில் மெதுவாகச் சூடேற்றி, சென்சரின் இரு முனைகளிடையே மின்தடையை அளக்க. யப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்டும். நம் ஊர்ப் பகல் வெப்பமான 30 பாகையில் ஏறத்தாழ 1,700 ஓம் இருக்கும். எண் படிப்படியாகக் குறைதல் வேண்டும். இடையில் திடீரெனத் தாவினாற் சென்சர் கெட்டது. நீர் கொதிப்பதை 100 பாகையெனக் கொள்ளலாகாது. நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். வெப்பமானி வேண்டுமென்பது இதனாலேயே.

ஏனைய சென்சர்கள்

திரொட்டிற் சென்சர், கதவு எவ்வளவு திறந்துள்ளது என்பதை வோல்ற்றில் அறிவிப்பது. கதவு மூடியிருக்க அரை முதல் ஒரு வோல்ற் வரையும், முற்றத் திறந்தால் ஏறத்தாழ 4 வோல்ற்றும் காட்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பி வைத்து, கதவை மிக மெதுவாகத் திறந்துகொண்டு மீற்றரைப் பார்க்க. எண் தடங்கலின்றி ஏறுதல் வேண்டும். ஐட்லிங் நிலையிலேயே இதன் உட்பாதை அதிகம் தேய்வதால், கதவு திறக்கத் தொடங்கும் இடத்தையே ஊன்றிப் பார்த்தல் வேண்டும். இதற்கு எண் காட்டும் மீற்றரிலும் பழைய ஊசி மீற்றரே நன்று. கண நேரத் தடங்கலில் ஊசி துள்ளுவது தெளிவாகத் தெரியும்.

அமுக்கச் சென்சரைப் பற்றி மலைநாட்டுக் கமக்காரர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. கடல்மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல வெற்றிடத்தை மானியிற் காட்டும். ஆயிரம் அடி உயர ஓரங்குலம் குறையும். 6,100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் நல்ல எஞ்சினும் 11 முதல் 15 அங்குலமே காட்டும். கொழும்பிற் கற்ற அளவை அங்கு கொண்டுவந்து, எஞ்சின் தேய்ந்துவிட்டதென்றோ சென்சர் கெட்டுவிட்டதென்றோ முடிவு கட்டலாகாது. எண் எவ்வளவு என்பதிலும், ஊசி நடுங்காது நிற்கின்றதா என்பதே முதன்மையானது.

புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் ஏறத்தாழ 300 பாகைக்கு மேற் சூடேறினாலே வேலை செய்யும். சூடேறிய பின் 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் ஓயாது ஏறியிறங்கும். இது அளப்பது ஒட்சிசனையன்றிப் பெற்றோலையன்று. ஒரு பிளக் தீப்பொறி தராவிடின், அச்சிலிண்டரின் காற்று எரியாமலே வெளியேறும். அதிலுள்ள ஒட்சிசனைக் கண்ட சென்சர் “பெற்றோல் குறைவு” என்பதற்குரிய தாழ்ந்த வோல்ற்றையே காட்டும். பெட்டி எல்லாச் சிலிண்டர்களுக்கும் பெற்றோலைக் கூட்டும். இதனால் நல்ல பிளக்குகளும் கறுக்கும். ஒரு பிளக்கின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, விலையுயர்ந்த ஒட்சிசன் சென்சரில் வந்து நிற்பது இவ்விதமே.

எஞ்சின் சூடேறியதும் திடீரென நின்று, ஆறிய பின்னரே பற்றுமாயின், சுழற்சியை அறிவிக்கும் சென்சரை ஐயுறலாம். அதனைச் சூடாயிருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

டீசல் லொறிகள்

பழைய முறைப் பம்பியுள்ள டீசல் லொறிகளில் மேற்கூறிய சென்சர்கள் இல்லை. அவற்றின் நடுக்கத்திற்கு டீசற் குழாயிற் புகுந்த காற்று, அடைபட்ட பில்ற்றர், கெட்ட இன்ஜெக்டர் ஆகியவற்றையே பார்த்தல் வேண்டும். ஒவ்வோர் இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் முறையே சிறிது தளர்த்திச் சோம்பிய சிலிண்டரை அறியும் வழக்கம் அவற்றுக்கே உரியது. 1995 ஆம் ஆண்டில் யப்பானிய லொறியொன்றில் முதன்முதல் வந்து, பின்னர் எங்கும் பரவிய கொமன் றெயில் எஞ்சின்களில் அந்நட்டைத் தொடவே கூடாது. அக்குழாயிற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுட் சென்று கையையே இழக்கச் செய்யும்.

சென்சர் வாங்கும்போது

அளந்து பார்த்த பின் சென்சரே பழுதென்று தெளிந்தால், அதன் உடலிற் பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு அதே எண்ணுள்ளதை வாங்குதல் வேண்டும். தோற்றம் ஒத்திருப்பது போதாது. கொக்கி பொருந்தியும் அளவு வேறாயிருத்தல் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிற் பழைய சென்சர்கள் கிடைக்கும். அங்கு செல்வோர் மீற்றரையும் கையிற் கொண்டு செல்லுதல் நன்று. நீர்ச் சென்சரானால் அதன் மின்தடையைக் கடையிலேயே அளந்து, பின் உள்ளங்கையில் இறுகப் பிடித்துச் சூடேற்ற ஓம் குறைகின்றதா எனப் பார்த்து, குறையாவிடிற் காசு கொடுக்குமுன் திருப்பிவிடலாம்.

புதியதைப் பொருத்திய பின், சாவியை எடுத்துவிட்டு, பற்றரியின் எதிர்முனையைச் சில நிமிடம் கழற்றி வைத்தாற் பல பழைய பெட்டிகளிற் பதிந்துள்ள எண் அழிந்துவிடும். அதன்பின் முதல் நாளில் ஐட்லிங் சற்றுத் தடுமாறுதல் உண்டு. பெட்டி மீண்டும் பழகிக்கொள்ளும் வரை ஓரிரு நாட் பாரமின்றி ஓட்டிப் பார்த்து, விளக்கு திரும்ப எரியாவிடின் சந்தைக்கு ஏற்றலாம்.